கல்லாவில் கேட்கும் பத்து இலக்கம்

கேள்வி: என் கைப்பேசி எண்ணைச் சொந்தக்காரர்களைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனாலும் தினமும் நாலைந்து அழைப்புகள். மனை வேண்டுமா, கடன் வேண்டுமா என்று என் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். எண்ணை வெளியே போகாமல் காப்பாற்ற வழியே கிடையாதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பெயரைப் போட வேண்டாம் என்றவர், கடிதத்தின் அடியில் எண்ணை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் கேட்கவே இல்லையே அம்மா! அழித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினோம்.

யாருக்கும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். சரி, தீபாவளிக்கு லாரன்ஸ் ரோட்டில் துணி எடுத்தீர்களா? பில் போடும் பெண் ‘நம்பர் சொல்லுங்க’ என்றதும் வாய் தானாகச் சொல்லியிருக்கும். பின்னால் வரிசை நிற்கும்போது யார் வழக்காடுவது? போன மாதம் ஒரு கடையில் நான் தர மாட்டேன் என்று நின்று பார்த்தேன். ‘நம்பர் போடாம கம்ப்யூட்டர் நகராது சார்’ என்றார் பையன். நானும் நகரவில்லை. கடைசியில் அவரே ஏதோ பத்து இலக்கத்தைத் தட்டினார், பில் வந்துவிட்டது. என் இரண்டு வேட்டிக்கு நன்றி சொல்லி யாருக்கோ குறுஞ்செய்தி போயிருக்கும், பாவம்.

எண் தந்தால்தான் பில் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது. அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொல்லிவிட்டது. கல்லாவில் இருப்பவர் காதுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர் எப்படித் தெரிந்தது என்றால், அந்தச் சொந்தக்காரர்களால்தான். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியை உங்கள் மைத்துனர் போட்டிருப்பார். அது கேட்டதும் தன் போனில் உள்ள எண்கள் மொத்தத்தையும் பார்க்க அனுமதி கொடுத்திருப்பார். உங்கள் எண் உங்களிடம் ஒரு போனில் இருக்கிறது. சொந்தத்தில் ஐம்பது போனில் இருக்கிறது. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வேறு.

ஒரு காலத்தில் தொலைபேசித் துறையே நம் பெயர், விலாசம், எண் மூன்றையும் தடிப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தது. யாரும் பதறவில்லை. சென்னையில் இருக்கும் மனை வியாபாரி கடலூருக்குப் பேச எஸ்.டி.டி. காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்று பேச்சு கிட்டத்தட்ட ஓசி.

1909-க்கு அழைத்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். முறையாகப் பதிவு பெற்ற நிறுவனங்கள் அடங்கும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து மனை விற்பவர் அடங்க மாட்டார். அவர் கூப்பிட்ட 7 நாளுக்குள் அதே 1909-இல் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் வேண்டுமானாலும் உங்களைச் சேர்க்க முடியாதபடி அமைப்பையும் மாற்றிவிடுங்கள். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும்.

எண்ணையே மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருவர் விட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், முந்தையவர் கட்டாத கடனுக்கு உங்களை அதட்டுவார்கள்.