மூன்றாவது சீல் வாங்கும் முன்

கேள்வி: என்னுடையது 35 எச்.பி. பழைய டிராக்டர். வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் ஒழுகுகிறது, பிரேக்கும் பிடிப்பதில்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆக்சில் சீல் மாற்றியாயிற்று. சேற்றுழவுக்கு இறக்கினால் மறுபடி ஒழுகுகிறது. எந்த சீல் வாங்கினால் நிற்கும்?

பதில்: ஒரே இடத்தில் இரண்டு சீல் போயிருந்தால் நான் சீலைச் சந்தேகப்பட மாட்டேன்.

முதலில் செலவில்லாத வேலை. கியர் பெட்டியின் பிரீதரை, அதாவது உள்காற்று வெளியேற வைத்திருக்கும் சின்னத் துளை மூடியை, கழற்றி ஊதிப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று ஆயிலையும் தள்ளிக்கொண்டு சீல் வழியாகத்தான் வெளியேறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலும் இதே கதைதான். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

அடுத்தது பேரிங். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் கட்டை அடுக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது, அதுவும் டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம். கடப்பாரையால் சக்கரத்தை நெம்பும்போது மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் ஆடும் வேகத்துக்கு சீலின் லிப், அதாவது ஷாஃப்ட்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் விளிம்பு, ஈடுகொடுக்காது.

பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது ஷாஃப்ட்டில் விழுந்த கோடுதான். ரப்பர் போய் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பார்கள். லிப்பில் ஒட்டிய மண் தேய்க்கும், அரம் மாதிரி. லிப் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு நகத்தால் உரசுங்கள். நகம் சிக்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலும் நிற்காது. அந்த இடத்தில் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் (உறை) ஏற்றுவதுதான் சரியான வழி. ஹவுசிங்கில் (சீல் உட்காரும் கூட்டில்) இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தும் தப்பிக்கலாம், லிப் புது இடத்தில் ஓடும். எமரித்தாள் போட்டால் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் விழும் கீறல் ஆயிலுக்கு வாய்க்கால்.

சரி, எந்த சீல்? அதன் மேல் 50-72-10 என்பதுபோல் எண் இருக்கும்: ஷாஃப்ட் விட்டம், ஹவுசிங் விட்டம், தடிமன். பழைய சீலின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், முன்பு மாட்டியவர் கிட்டத்தட்ட அளவில் ஒன்றை அடித்து இறக்கியிருக்கலாம். வெர்னியர் வைத்து ஷாஃப்ட்டையும் ஹவுசிங்கையும் அளந்துவிடுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் போதும், வைட்டான் தேவைப்படும் சூடு இங்கே வராது. சேற்றில் இறங்கும் வண்டிக்குத் தூசி லிப்பும் சேர்ந்த இரட்டை லிப் சீலாகக் கேளுங்கள்.

மாட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். லிப்பில் கிரீஸ் தடவுங்கள். காய்ந்து ஓடினால் முதல் நாளே கருகும். ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் ஸ்ப்லைன் பல் லிப்பைக் கிழிக்காமலிருக்க அந்தப் பல் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். உளி வைத்து ஒரு பக்கமாகத் தட்டாமல், சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த்துண்டை வைத்து நேராக இறக்குங்கள். சில பழைய மாடல்களில் பேரிங்கைப் பிடிக்கும் காலர் சூடேற்றி இறுக்கியதாக இருக்கும். அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றப் பார்க்காமல், பிரஸ் இருக்கும் பட்டறைக்கு ஷாஃப்ட்டோடு கொண்டுபோய்விடுங்கள்.

பிரேக் லைனிங் ஆயிலில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, சூடேறியதும் ஊறியது வெளியே வரும். புதிதாக மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சாலையில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.