தலைக்கு மேலே ஓடும் ஷாஃப்டுக்கும் கூண்டு வேண்டுமா?

கேள்வி: அப்பா நடத்திய மாவு மில்லை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மோட்டார்தான். சுவரோரமாக ஏழரை அடி உயரத்தில் ஒரு ஷாஃப்ட், அதாவது மோட்டார் சுழற்றும் நீளமான தடி, ஓடும். அதிலிருந்து மூன்று பெல்ட் இறங்கி மாவு, மிளகாய், சீயக்காய் மெஷின்களை ஓட்டும். கீழே பெல்ட் ஓடும் இடத்தில் தகரம் அடித்திருக்கிறோம். மேலே ஷாஃப்டுக்கும் கூண்டு போடச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். வழவழப்பான இரும்புத் தடி, யாருக்கும் எட்டாத உயரம். வீண் செலவுதானே?

பதில்: வீண் செலவு இல்லை, எலெக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரி. நீங்கள் கேட்டிருப்பதை 1850களிலேயே இங்கிலாந்துப் பஞ்சாலை முதலாளிகள், கிட்டத்தட்ட இதே அடிக்கணக்கோடு, அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

அன்றைய பஞ்சாலையும் உங்கள் மில்லைப் போலத்தான், அளவுதான் பெரிது. ஒரு நீராவி என்ஜின், மாடிக்கு மாடி கூரையை ஒட்டி ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பெல்ட். 1833 சட்டம் ஆலை ஆய்வாளர்களை நியமித்தது. ஆனால் இயந்திரத்தை மூடுவது பற்றி அதில் பேச்சே இல்லை. 1840இல் ஸ்டாக்போர்ட் ஊர் ஆலையில், மூடாத ஷாஃப்டில் உடை சிக்கிக் காயம்பட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்காக, தொழிலாளர் நலனுக்குப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆஷ்லி பிரபு தன் பணத்தில் வழக்கு நடத்தி, 100 பவுண்டு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் வந்த 1844 சட்டம்தான் ஷாஃப்ட், புல்லி (பெல்ட் மாட்டும் சக்கரம்) எல்லாவற்றையும் பத்திரமாக மூடச் சொன்னது.

முதலாளிகள் கீழே இருந்ததை மூடினார்கள். மேலே இருந்ததை விட்டுவிட்டார்கள், உங்களைப் போலவே. உயரம் ஒரு சாக்கு ஆகாது, எல்லாவற்றையும் மூடுங்கள் என்று 1854 ஜனவரியில் ஆய்வாளர்கள் சுற்றறிக்கை விட்டதும் சண்டை மூண்டது. ஏழு அடிக்கு மேல் இருக்கிற ஷாஃப்டில் யார் கை படும், பட்டால் அது தொழிலாளியின் கவனக்குறைவு என்றார்கள் முதலாளிகள். இதற்கென்றே 1855இல் மான்செஸ்டரில் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1856இல் நாடாளுமன்றம் இறங்கி வந்தது: பெண்கள், சிறுவர்கள் நடமாடும் இடத்தில் இருப்பதை மட்டும் மூடினால் போதும் என்று சட்டம் தளர்ந்தது.

இதில் விடுபட்டவர் ஏணியில் ஏறுகிறவர். ஆய்வாளர்கள் கவலைப்பட்டதே அவரைப் பற்றித்தான். எண்ணெய் விட ஏறுவார், கழன்ற பெல்ட்டை மாட்ட ஏறுவார். புல்லியிலிருந்து நழுவிய பெல்ட், சுற்றுகிற ஷாஃப்ட் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உரசும். ஏணியில் நிற்பவர் அதைத் தூக்கிப் புல்லியில் ஏற்றப் போகும்போது திடீரென்று பிடித்துக்கொள்ளும், சுருக்கு மணிக்கட்டில் விழும். அடுத்த நொடி ஆளையே ஷாஃப்டோடு சுற்றும். ஷாஃப்டுக்கும் கூரைக்கும் நடுவே ஓர் உடம்பு போகிற இடைவெளி இருக்காது.

வழவழப்பு என்கிறீர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஷாஃப்ட் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடினால், நொடிக்கு ஐந்து சுற்று. ஒரு சுற்றுக்கு 16 செ.மீ. துணி உள்ளே போகும். நொடிக்கு 80 செ.மீ. ஒரு முனை ஒரே ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் போதும், அதற்குமேல் வழவழப்பு உதவாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி பல மடங்காகும். இரண்டு மீட்டர் துண்டு முழுவதும் உள்ளே போக மூன்று நொடிகூட ஆகாது. அதற்குள் ஏணியிலிருந்து இறங்கிச் சுவிட்சை யார் அணைப்பது? இன்னொன்று, ஷாஃப்ட் உண்மையிலேயே வழவழப்பாக இருக்கிறதா? நின்றிருக்கும்போது கையால் தடவிப் பாருங்கள். புல்லியை இறுக்கும் ஸ்க்ரூவின் தலை, புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சாவி என்கிற ஆப்பு, ஷாஃப்ட் துண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் போல்ட் என்று ஏதாவது துருத்திக்கொண்டிருக்கும். துணியை முதலில் கொத்துவது பெரும்பாலும் அதுதான். இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் 26ஆம் பிரிவில் அந்த ஸ்க்ரூ தலையைக்கூட உள்ளே புதைக்க அல்லது மூடச் சொன்னது. பாதுகாப்பு எல்லோருக்கும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 1856இல் கைவிடப்பட்ட ஏணிக்காரரும் அதில் அடக்கம். ஆள் எண்ணிக்கையை வைத்து உங்கள் மில் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம். ஷாஃப்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

சரி, என்ன செய்வது? ஆங்கிள் ஃப்ரேமில் வெல்டு மெஷ் அடித்துக் கூண்டு போடுங்கள். விரல் நுழையாத சிறு கண்ணாக இருக்கட்டும். பெல்ட் மாற்றும் பக்கம் கீல் வைத்துக் கதவு விடுங்கள். கழற்றி மாட்டுவது தொந்தரவாக இருந்தால் கூண்டு ஒரே மாதத்தில் மூலையில் சாய்ந்து நிற்கும், அது எல்லா மில்லிலும் நடக்கிறது. ஒவ்வொரு புல்லி பக்கத்திலும் ஒரு கொக்கி வையுங்கள். பெல்ட் நழுவினால் ஷாஃப்டில் விழாமல் அதில் தொங்கும். 1854 சண்டையில் சமரசமாக வந்த யோசனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் கூண்டுக்குப் பதிலாக இதை மட்டும் வைத்தால் போதாது. தலை நீட்டிய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, உள்ளே அமுங்கும் ஆலன் ஸ்க்ரூ போடுங்கள்.

ஓடும் பெல்ட்டுக்கு மெழுகு தேய்ப்பது, கட்டையால் தள்ளிப் புல்லியில் ஏற்றுவது இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். மோட்டாரை அணைத்ததும் மெஷின் நின்றுவிடாது, கல்லின் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். முழுதாக நின்ற பிறகு மெயினை இறக்கி, ஃப்யூஸ் கேரியரைக் கழற்றி, ஏணியில் ஏறுபவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். துண்டும் தொளதொள சட்டையும் கீழேயே இருக்கட்டும், வேட்டிக்குப் பதில் பேன்ட். அரைக்க வருகிற பெண்கள் முந்தானையோடு மெஷின் அருகே வந்து எட்டிப் பார்க்காதபடி இடுப்பளவுக்கு ஒரு தடுப்பும் வேண்டும்.

கையில் பணம் இருந்தால் மூன்று மெஷினுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து ஷாஃப்டையே எடுத்துவிடுங்கள். பெரிய ஆலைகளும் கடைசியில் அதைத்தான் செய்தன. அப்போதும் மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சின்ன பெல்ட் ஓடும். அதன் கவருக்கும் சேர்த்தே வெல்டிங் கடையில் அளவு கொடுத்துவிடுங்கள்.