சேலத்துப் பாட்டி

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக டாரோ சீட்டு ஜோசியம், கிரிஸ்டல் கல், பௌர்ணமி தியானம் என்று போய்க்கொண்டிருக்கிறேன். "நீங்கள் எரிக்கத் தவறிய சூனியக்காரிகளின் பேத்திகள் நாங்கள்" என்ற வாசகத்தை எங்கள் குழுவில் பனியனில் அச்சடித்திருக்கிறோம். ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்களை எரித்தார்களாமே? அவர்களுடைய பழைய பெண்தெய்வ ஞானம்தான் இன்றைய மாற்று ஆன்மிகமாகத் தொடர்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டாரோ, கிரிஸ்டல் எல்லாம் உங்கள் மனசு, உங்கள் காசு. 90 லட்சத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அது 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் போட்ட மனக்கணக்கு. வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அதில் ஆண்களும் உண்டு. சூனியக்காரிகள் ஒரு பழைய மதத்தின் தொடர்ச்சி என்பது 1921இல் மார்கரெட் மர்ரே என்ற ஆய்வாளர் புத்தகம் எழுதிப் பிரபலமாக்கிய வாதம். ஆய்வில் நிற்கவில்லை.

கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்திருப்பவர் ரெபெக்கா நர்ஸ். 1692, சேலம் ஊரில் சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டவர். நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. 71 வயது, எட்டுப் பிள்ளை பெற்றவர். ஜூரி முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றுதான் சொன்னது. குற்றம்சாட்டிய சிறுமிகள் கூச்சல் போட்டார்கள். சாட்சி சொல்ல வந்த ஒரு கைதியைப் பார்த்து, "இவள் எங்களில் ஒருத்தி ஆயிற்றே" என்று பாட்டி சொன்னதைத் தலைமை நீதிபதி கிளறினார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜூரி கேட்டது. பதில் இல்லை. காது மந்தம், கேள்வியே விழவில்லை. தீர்ப்பு மாறியது. கூடச் சிறையில் கிடப்பவள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னதாகப் பிறகு எழுதிக் கொடுத்தார். ஜூலை 19இல் தூக்கு.

என் அத்தைப்பாட்டிக்கும் காது கேட்காது. பாகப்பிரிவினை அன்று என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினார். "கிழவி சரின்னுட்டா" என்று மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. "ஆமாம், நான் சூனியக்காரி" என்று சொல்லி அதிலேயே நின்ற ஒருவரைக்கூடத் தூக்கிலிடவும் இல்லை. தூக்கில் தொங்கிய 19 பேரும் "இல்லை" என்றவர்கள். ஒரே ஒரு பொய் போதும், உயிர் மிஞ்சியிருக்கும். கடவுள் அறிய அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. உயிரைக் கொடுத்து அவர்கள் மறுத்த பட்டத்தை நீங்கள் பனியனில் அடித்துத் திரிகிறீர்கள். இதற்குப் பெயர் அஞ்சலியா அம்மா? அந்த ஊர்ப் போலீஸ் சின்னத்திலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிதான். உங்களை மட்டும் திட்டி என்ன பயன்!

தூக்குக்கு முன்பே பாட்டியைத் திருச்சபையிலிருந்து நீக்கினார்கள். ஆயுள் முழுக்க ஜெபம் செய்தவருக்குக் கயிற்றைவிட அதுதான் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நீக்கத்தை 1712இல்தான் ரத்து செய்தார்கள்.