பதில்: நைட் டியூட்டி, அழுகை, காலேஜுக்குத் தெரியுமோ என்ற பயம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து பாலக்காட்டு ஹாஸ்டலில் இரண்டாம் வருட நர்சிங். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, யூனிஃபார்மை எடுத்தாலே அழுகை, டியூட்டி பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே காட்டினால் காலேஜுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். தங்கச்சி, இரண்டு வாரம் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். ஆனால் ஓ.பி. வரிசையில் சீனியர் யாராவது நின்றால் சட்டம் என்ன செய்யும்? அதனால் வாளையாறு தாண்டி கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், ரூம்மேட்டை எழுப்பி கேஷுவாலிட்டிக்கே போங்கள். வெறுமனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழும் மலையாளமும் உண்டு. அப்புறம், மருந்து எழுதினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.