எங்கள் ஊரில் சாண எரிவாயு, பயோமாஸ் திட்டம் தொடங்க அரசு மானியம் எவ்வளவு கிடைக்கும்? எப்படி வாங்குவது?

ஊரில் பல வீடுகளில் கறவை மாடு இருக்கிறது, சாணமும் கடலைத்தோலும் பருத்திமாரும் வீணாகிறது, வீட்டுக்கு வீடு கலன் போடுவதா, ஊருக்குப் பொதுவாக ஒன்று கட்டுவதா, பயோமாஸ் எனப்படும் பயிர்க்கழிவை அழுத்தி எரிகட்டி செய்யும் பிரிக்கெட் மில் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோவைப் பக்கம் சாண எரிவாயுக் கலன் கட்டும் வேலையில் மேற்பார்வையாளராகப் பல வருடம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மானியம் உண்டு. ஆனால் அது முன்பணம் கிடையாது. கலன் கட்டி, சாணம் ஊற்றி, அடுப்பில் நீலச் சுடர் எரிவதைக் காட்டி, புகைப்படமும் ஆவணமும் போன பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் உங்கள் கைக்காசு, இல்லையென்றால் கடன். இது தெரியாமல் இறங்கி, குழி வெட்டியதோடு நின்றுபோன வீடுகள் நிறைய.

இப்போது தொகை. மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் தேசிய உயிரி எரிசக்தித் திட்டம்தான் இவற்றுக்கெல்லாம் தாய்த்திட்டம். 2022 நவம்பரில் அறிவித்தார்கள். 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்குமானது, முதல் கட்டத்துக்கு 858 கோடி ரூபாய். அதற்குப் பிந்தைய மானியத் தொகையை விண்ணப்பிக்கும் அன்றைக்கு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தில் 1 முதல் 25 கன மீட்டர் வரையான சிறு கலன்களுக்கு அளவையும் பயனாளியின் பிரிவையும் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை என்று வைத்தார்கள். வீட்டுக்கு எல்லாரும் போடுவது 2 கன மீட்டர் கலன். அதற்குப் பொதுப் பிரிவில் 14,350. கழிப்பறையையும் கலனோடு இணைத்தால் 1,600 கூடுதல். சிமென்ட் விற்கிற விலைக்கு இது மொத்தச் செலவில் ஒரு பகுதிதான், பாதிகூடத் தேறாது.

அதனால் மானியக் கணக்கை விட்டுவிட்டு முதலில் சாணக் கணக்கைப் போடுங்கள். 1 கன மீட்டர் வாயுவுக்குத் தினமும் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். 2 கன மீட்டர் என்றால் 50 கிலோ. கட்டுத்தறியிலேயே நிற்கும் மாடு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்றால் பாதி காட்டில் போய்விடும். ஆக நாலைந்து மாடு கட்டுத்தறியில் நிற்கிற வீட்டுக்குத்தான் 2 கன மீட்டர் கலன். ரெண்டு மாட்டை வைத்துக்கொண்டு மானியம் அதிகமாக வருகிறதே என்று பெரிய கலன் போட்டவர்கள் வீட்டில் இன்னமும் சிலிண்டர்தான் எரிகிறது. சாணம் சரியாக விழுந்தால் 1 கன மீட்டர் வாயு கிட்டத்தட்ட 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். 2 கன மீட்டர் கலன் முழுசாக வேலை செய்தால் மாதம் ஒன்றரை சிலிண்டருக்கு மேல் மிச்சம். மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும், நீலகிரி மாதிரிக் குளிர் ஊரில் இன்னும் குறையும்.

கலன் எது என்று கேட்டால் தீனபந்து மாடல். முழுக்கச் செங்கல், சிமென்ட். மண்ணுக்கு அடியில் அரைக்கோளமாக இருக்கும். காதி ஆணையத்தின் மிதக்கும் டிரம் மாடலில் இரும்பு டிரம் துருப்பிடிக்கும், வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். தீனபந்துவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கொத்தனார் கை சுத்தமாக இருக்க வேண்டும். உள்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது. சாணம் ஊற்றுவதற்கு முன்னால் கலனில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மறுநாள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யச் சொன்னால் பல கொத்தனார்கள் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள்.

முதல் நிரப்புதலுக்கே டன் கணக்கில் சாணம் தேவை, சம அளவு தண்ணீரோடு. அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்துச் சேர்க்க வேண்டும். ரெண்டு மூன்று வாரம் பொறுத்தால் வாயு வரும். முதலில் வருவது எரியாது, பெரும்பாலும் கரியமில வாயு. அதைத் திறந்து விட்டுவிடுங்கள். ‘கலன் வேலை செய்யல’ என்று போன் வருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அடுப்பு எரிந்தால்தான் மானியக் கோப்பு நகரும் என்பதால், சாணம் சேர்க்கத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பணம் வருவதும் தள்ளிப்போகும்.

வேலை தொடங்கும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ கோவை வேளாண் பல்கலையின் எரிவாயுப் பயிற்சி மையத்திலோ விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். காலி இடம், குழி, கட்டுமானம் என்று கட்டம் கட்டமாகப் படம் எடுத்து வையுங்கள். கட்டி முடித்துவிட்டு விண்ணப்பித்தால் யாரும் தொட மாட்டார்கள்.

ஊருக்குப் பொதுவான கலன் பற்றி என் அபிப்பிராயம் கசப்பாகத்தான் இருக்கும். பணம் இருக்கிறது: சாணத்தையும் கழிவையும் எரிவாயுவாக்கும் மத்திய அரசின் கோபர்தன் திட்டத்தில் மாதிரிக் கலனுக்கு மாவட்டத்துக்கு 50 லட்சம் வரை ஒதுக்கினார்கள். கட்டிவிடலாம். தினமும் சாணத்தை அள்ளிவர யார்? வண்டிக்கு டீசல்? ஆபரேட்டர் சம்பளம்? வெளியே வரும் கழிவுச் சாணக் கரைசலை எந்தத் தோட்டத்துக்கு விடுவது? மானியத்தில் இதற்கெல்லாம் ஒரு பைசா கிடையாது. சாணம் கொடுக்கும் வீட்டுக்குப் பதிலாக என்ன தருவது என்பதை முடிவு செய்யாத ஊரில் கட்டாதீர்கள்.

பிரிக்கெட் மாதிரியே கழிவை அழுத்திச் சிறு குச்சிகளாகச் செய்யும் பெல்லட் மில்லுக்கு 2024-இல் தொகையை ஏற்றினார்கள். சாதாரண (வறுக்காத) பெல்லட்டுக்கு மணிக்கு ஒரு டன் திறனுக்கு 21 லட்சம் அல்லது முதலீட்டில் 30 சதவீதம், எது குறைவோ அது, உச்சவரம்பு 1.05 கோடி. வாங்குவதற்கு ஈரோடு, திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்கள் இருக்கின்றன. பிரச்சினை கச்சாப்பொருள். இன்றைக்கு இலவசமாகக் கிடக்கிற பருத்திமாருக்கு, மில் ஓட ஆரம்பித்ததும் விலை முளைக்கும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி இதற்கு உதாரணம். குடிநீர் மோட்டாருக்கு 9 கிலோவாட் பயோமாஸ் கேசிஃபயர் (மரக்கழிவை எரிவாயுவாக்கும் கருவி) வைத்தார்கள். மரக்கழிவு விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை. 2006-இல் ஊராட்சியே உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. விலை 1.55 கோடி, அதில் 1.15 கோடி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துத்தான் கடனை அடைத்தார்கள்.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது: நாலு மாடும் அதற்கு மேலும் வைத்திருக்கும் வீடுகளை மட்டும் பட்டியல் எடுத்து, அவற்றுக்கு 2 கன மீட்டர் தீனபந்து போடுங்கள். மில் யோசனையை, ரெண்டு போகத்துக்கான கச்சாப்பொருளுக்கு விவசாயிகளிடம் எழுத்தில் விலை பேசிய பிறகு எடுங்கள். எத்தனை வீடு தேறுகிறது என்று கமென்ட்டில் எழுதினால், கொத்தனார் பயிற்சிக்கு யாரைப் பிடிப்பது என்று சொல்கிறேன்.