ஒக்லஹோமா ‘சூனர் ஸ்டேட்’ ஆனது எப்படி?

கேள்வி: அமெரிக்க மாநிலமான ஒக்லஹோமாவின் பட்டப்பெயரில் வரும் ‘சூனர்’ என்பதற்கு, குறுக்கு வழியில் நிலம் பிடித்தவர் என்று சிலரும், துடிப்பானவர் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். மகளின் பள்ளி ஒப்படைப்பில் எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதலாம், காலவரிசை மட்டும் மாறக்கூடாது. வசவாகத்தான் தொடங்கியது, பெருமை பின்னால் ஒட்டிக்கொண்டது.

1889 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஒக்லஹோமாவில் குடியேற்றத்துக்குத் திறக்கவிருந்த நிலத்துக்குள் குறித்த நேரத்துக்கு முன் நுழைந்து குடியேறுபவருக்கு அங்கே என்றைக்கும் உரிமை கிடையாது என்றது. அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் குறித்த நேரம் ஏப்ரல் 22, நண்பகல் 12 மணி. ஒருவருக்கு 160 ஏக்கர். எல்லையில் காத்திருந்தவர்கள் சைகை கிடைத்ததும் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்தார்கள். போய்ப் பார்த்தால், ஓடைச் சரிவுகளிலும் புதர்களிலும் முன்பே பதுங்கியிருந்த ஆட்கள் நல்ல இடங்களில் முளைக்குச்சி அடித்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள்தான் சூனர்கள், அதாவது நேரத்துக்கு முன்னதாகவே (ஆங்கிலத்தில் ‘sooner’) உள்ளே வந்தவர்கள்.

குச்சி அடித்தால் மட்டும் போதாது. கத்ரி அல்லது கிங்ஃபிஷர் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கேதான் சிக்கல் வெடித்தது. ‘இவர் சூனர்’ என்று எதிர்மனு போட்டு, சாட்சிகளோடு நிரூபித்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். இப்படிப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: பதுங்கியவர் மட்டுமல்ல, முறைப்படி உள்ளே இருந்தவரும் மாட்டிக்கொண்டார். ரயில்பாதை ஊழியர் ஒருவர் வேலை நிமித்தம் பாதையோர ரயில்வே நிலத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். நண்பகல் கடந்ததும் கூடாரத்தைப் பக்கத்து நிலத்துக்கு மாற்றி, அது தனக்கே என்றார். 1893-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: எல்லைக்கு வெளியிலிருந்து புறப்பட்டவருக்கே உரிமை. ஆகவே ‘சூனர் என்றால் திருடர்’ என்று ஒற்றை வரியில் முடிப்பது சரியல்ல.

சூனரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பூமர்’ என்ற சொல் வேறு. நிலத்தைத் திறக்கச் சொல்லி 1880-களில் டேவிட் பெய்ன் தலைமையில் திரும்பத் திரும்ப உள்ளே புகுந்து, ராணுவத்தால் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்.

1907-ல் ஒக்லஹோமா மாநிலமானது. மறு ஆண்டே ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ‘சூனர்ஸ்’ பெயரை ஏற்றது. மைதானத்தில் புழங்கப் புழங்க வசவு தேய்ந்து, முந்திச் செல்லும் துணிச்சல் என்ற பொருள் நிலைத்தது.

ஒப்படைப்பில் ‘ஆளில்லா நிலம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். அது கிரீக், செமினோல் மக்களிடமிருந்து அரசு பெற்ற நிலம். அன்று திறக்கப்பட்டதும் இன்றைய மாநிலத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர்தான், முழு ஒக்லஹோமா அல்ல.