வாட்டம் பார்த்து வையுங்கள்: சரிவுத் தோட்டக் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் இருபத்து நான்கு அடி நீளத்துக்கு நிலம் எட்டு அடி ஏறுகிறது. ஐப்பசி மழையில் செம்மண் கொல்லை வாசல் வரை வந்துவிட்டது. எட்டடிச் சுவர் ஒன்றை எழுப்பிவிடலாமா?
*நாகமலை புதுக்கோட்டை வாசகி*

வேண்டாம்மா. அந்த உயரத்துக்குப் பொறியாளர், கம்பி, கான்கிரீட் எல்லாம் தேவைப்படும். செலவு செய்த பிறகு பார்த்தால் சிறை மதில் மாதிரி நிற்கும். உங்கள் நிலம் மூன்றடிக்கு ஓரடி ஏறுகிறது. ஆகவே இரண்டடிச் சுவர் ஒவ்வொன்றும் ஆறடி அகலப் பாத்தி தரும். நான்கு படிகளில் எட்டடியும் முடிந்துவிடும்.

சுவருக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கமாக நுழைகிறது என்று பாருங்கள். நுழையும் இடத்திலேயே, மேட்டு எல்லையை ஒட்டி ஓரடி அகல வாய்க்கால் வெட்டி, நூறு அடிக்கு ஓரடி வாட்டம், அதாவது சரிவு, கொடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் திருப்பிவிடாதீர்கள், பஞ்சாயத்தில் முடியும். படிகளுக்கு மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூபே போதும்.

இரண்டடி உயரத்துக்குக் காரை பூசாத கருங்கல் அடுக்கு நன்றாகத் தாங்கும். முதல் வரிசையை அரையடி புதையுங்கள். ஓரடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் மேட்டுப் பக்கம் சாய்த்து அடுக்கச் சொல்லுங்கள். முதுகுப்புறம் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை இஞ்சி ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. சாக்கு போட்டால் சீக்கிரம் மக்கிவிடும். வெட்டத் தொடங்கும்போதே மேல் மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். அடிமண்ணை மேலே போட்டுவிட்டுச் செடி வரவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

போன வருடம் கட்டிய நான்கடிச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. பின்னால் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் நிரப்பியிருக்கிறோம்.
*ஒத்தக்கடை வாசகர்*

விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். ஒவ்வொரு மழைக்கும் சுவரை ஒரு தள்ளு தள்ளும். நீர் வெளியேற ஓட்டையும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பூச்சு பூசி மறைக்காதீர்கள். கரிசலை அள்ளிவிட்டு, தள்ளிய பகுதியைப் பிரித்துக் கட்டுங்கள். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று இஞ்சி பிவிசி குழாய்த் துண்டை வெளிப்பக்கம் வாட்டமாக வையுங்கள். அதுவரை அந்தச் சுவரடியில் பிள்ளைகள் விளையாட வேண்டாம். அள்ளிய கரிசலை வீணாக்காமல் சமதரைப் பாத்தியில் எருவோடு கலந்துகொள்ளலாம்.

சரிவில் எதை நடலாம்? வாழையும் மல்லியும் ஆசை.
*அழகர்கோவில் சாலை வாசகி*

முதலில் வெட்டிவேர். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரையடிக்கு ஒரு தூர். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகப் பத்தடி வரைகூட இறங்கும். ஆகவே பக்கத்துச் செடியோடு மல்லுக்கட்டாது. மல்லியை நடுப்படியில் வையுங்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லிக்கும் காலடியில் தண்ணீர் நின்றால் ஆகாது. வாழைக்கு மேலாக ஓடும் வேர்தான். தார் போட்ட மரம் படி விளிம்பில் இருந்தால் ஒரு காற்றுக்குக் கீழ்ப்பாத்தியில் கிடக்கும். அதைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள், வழிந்து வரும் ஈரம் அங்கேதான் சேரும். காய்ந்த மேல்படிக்குச் சீத்தா.

சொட்டுநீர் போட்டும் மேலே காய்கிறது, கீழே சேறு.
*பசுமலை வாசகர்*

குழாயைச் சரிவோடு இறக்கியிருப்பீர்கள். பத்தடி இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.3 கிலோ அழுத்தம் கூடும். மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் மிச்சமிருப்பது கீழ் டிரிப்பர் (சொட்டு விடும் முனை) வழியாகத்தான் வடியும். குழாய்களைப் படியோடு குறுக்கே ஓட்டி, படிக்கு ஒரு வால்வு வையுங்கள்.

மாமியாருக்கு எழுபது வயது. படிக்கட்டு எப்படி அமைக்கலாம்?
*நத்தம் சாலை வாசகி*

ஏற்றம் ஆறு இஞ்சி, கால் வைக்கும் அகலம் ஓரடிக்கு மேல், ஒரு பக்கம் கைப்பிடி. பளபளப்பான கடப்பா கல் வேண்டவே வேண்டாம், கொத்திய கருங்கல் போடுங்கள்.

வேலையை எப்போது தொடங்கலாம்?
*பலர்*

பங்குனி, சித்திரையில் மண் வெட்டும் கல்கட்டும். ஆடி, ஆவணியில் கிடைக்கும் மழைக்கு வெட்டிவேர் பிடித்துக்கொள்ளும். புரட்டாசி பிறந்துவிட்டால் புதிதாக வெட்டாதீர்கள். வெட்டிப் போட்ட மண் இன்னும் கிடந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிடுங்கள்.